அத்தியாயம் 9: ஃபைலில் இல்லாத கேள்வி

குடல் அழற்சி நோய்களான க்ரோனோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ இருப்பவர் வீட்டில் ஒரு ஃபைல் வருடா வருடம் தடித்துக்கொண்டே போகும். கொலோனோஸ்கோபி படங்கள், சிஆர்பி, மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு, ஹீமோகுளோபின், எடை, எந்த மாதம் எந்த மாத்திரை என எல்லாம் அதில் இருக்கும். அந்த மனிதருக்கு வாழப் பிடித்திருக்கிறதா என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது. அந்த வரியைச் சேர்ப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவரை, அதாவது மனைவியை, கணவரை, அம்மாவை, அண்ணனை, அறை நண்பரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நோயாளியே படிப்பதானால் அவருக்கென்று ஒரு பகுதி பின்னால் உண்டு. என் வாதம் ஒன்றுதான்: ரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறிக்கிற மாதிரியே மனநிலைக்கும் தேதி குறித்து, வாய்விட்டு, நேரடியாகக் கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஊகிப்பது போதாது. "குடல் சரியானா மனசும் தானா சரியாயிடும்" என்று காத்திருப்பது அதைவிட மோசம்.

காத்திருப்பது ஏன் தவறு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2021இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 77 ஆய்வுகளில் இருந்த 30,118 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. நோயின் நிலையைத் தனியே காட்டிய ஆய்வுகளை மட்டும் எடுத்தால், நோய் கிளம்பியிருந்தவர்களில் பதற்றம் 57.6 சதவீதம், மனச்சோர்வு 38.9 சதவீதம். இது யாரும் எதிர்பார்ப்பதுதான். கவனிக்க வேண்டியது மற்ற பாதி: நோய் அடங்கியிருந்தவர்களிலும் பதற்றம் 38.1, மனச்சோர்வு 24.2 சதவீதம் இருந்தது. குடல் ஆறினால் மனபாரம் குறைகிறது, உண்மை. ஆனால் ரிப்போர்ட் நன்றாக இருக்கும் நாளிலும் நான்கில் ஒருவர் சோர்ந்துபோய்த்தான் இருக்கிறார். பாதிப்பு ஒரு திசையில் மட்டும் ஓடுவதும் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குடல் அமைதியாக இருந்தும் பதற்றம் மிகுந்திருந்தவர்களுக்கு நோய் மறுபடி கிளம்புவது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே மனதைக் கவனிப்பது குடல் வைத்தியத்துக்கு வெளியே உள்ள வேலை என்று ஒதுக்க வழியில்லை.

தற்கொலை ஆபத்தைப் பற்றி அளவோடு பேச வேண்டும். ஸ்வீடனில் குழந்தைப் பருவத்திலேயே இந்நோய் வந்த 6,464 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், தற்கொலை முயற்சி மற்றவர்களைவிட 1.4 மடங்கு இருந்தது. பெரியவர்களிடமும் ஸ்காண்டிநேவிய நாடுகளின் பதிவேடுகள் மிதமான உயர்வைக் காட்டியிருக்கின்றன. இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த எல்லைக்குப் போவதில்லை. பயந்து நோயாளியின் பின்னாலேயே நிழலாகத் திரியவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உயர்வு மிதமானது என்பதைச் சும்மா இருப்பதற்குச் சாக்காகவும் கொள்ள முடியாது. கேட்பதற்கு ஆகும் செலவு பத்து நிமிடம். கேட்காமல் விட்டால் ஆகக்கூடிய செலவு திருப்பிப் பெற முடியாதது.

காலண்டரில் குறிக்க வேண்டிய காலங்கள்

ஆபத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில கட்டங்களில் கூடுகிறது, அவை எப்போது வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிகிறது. நமக்குள்ள சாதகம் அதுதான்.

1. நோய் உறுதியான முதல் ஆண்டு. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வில் மனநலச் சிக்கல்கள் மிகுந்திருந்தது இந்த ஆண்டில்தான். நம் நாட்டில் இதில் ஒரு கூடுதல் சுமையும் உண்டு. குடல் காசநோயும் க்ரோன் நோயும் கொலோனோஸ்கோபியில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், பலர் முதலில் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார்கள். "ஆறு மாசத்துல சரியாயிடும்" என்று நம்பியவரிடம் பிறகு "இது காசநோய் இல்லை, கூடவே இருக்கப்போகிற நோய்" என்று சொல்லப்படுகிறது. கெட்ட செய்தி இரண்டு முறை வருகிறது, இரண்டாவது பெரியது. நோய் பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் தொடங்குவதால் படிப்பு, வேலை, கல்யாணம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் வயதும் அதுவே. "கல்யாணம் ஆகுற வரைக்கும் வெளிய சொல்லாத" என்று வீடு வாயைக் கட்டிவிட்டால், நோயாளி பேச ஆள் இல்லாமல் போகிறார். இந்த ஆண்டில் மாதம் ஒரு முறை கேளுங்கள்.

2. ஸ்டீராய்டு தொடங்கும் வாரங்களும் குறைக்கும் வாரங்களும். இதற்கு அடுத்த பகுதி முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன்.

3. அடங்கிய நோய் திரும்பக் கிளம்பும்போது. குறிப்பாக, கடன் வாங்கிப் போட்ட விலை உயர்ந்த ஊசியும் கேட்காமல் போன நாட்கள். உடல் வலியைவிட "இனி என்ன மிச்சம் இருக்கு" என்ற எண்ணம்தான் அப்போது பெரிது.

4. அறுவை சிகிச்சை பேச்சு எழும்போதும், வயிற்றில் ஸ்டோமா பை வைத்தபின் வரும் மாதங்களிலும். ஆபரேஷனுக்கு முன் ஒரு முறையும் பின் இரண்டு மூன்று முறையும் கேளுங்கள்.

5. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்கள். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரம் இது, ஆகவே யாரும் கவனிக்காத நேரமும் இதுதான்.

குறிப்பு: ரத்தப் பரிசோதனைக்குப் போனில் நினைவூட்டல் வைத்திருப்பீர்கள். அதே நாளில் இதையும் சேர்த்துவிடுங்கள். தனித் தேதி வைத்தால் மறந்துபோகும்.

ஸ்டீராய்டு கொடுக்கும்போது

நோய் கிளம்பினால் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 40 மில்லிகிராம் அளவில் தொடங்கி, வாரம் 5 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டு வருவது வழக்கமான முறை. குடலுக்கு அது வேகமாக வேலை செய்கிறது; மூளைக்கும் அது போகிறது. பாஸ்டன் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் முடிவுகள் 1972இல் வெளியாகின. அவற்றின்படி, நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்த ஆஸ்பத்திரி நோயாளிகளில் 1.3 சதவீதத்தினருக்கும், 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் மனநலப் பக்கவிளைவுகள் வந்தன. இது கடுமையான விளைவுகளின் கணக்கு. தூக்கம் கெடுவது, எரிந்து விழுவது, காரணமில்லாமல் அழுவது போன்ற சிறிய மாற்றங்கள் இதைவிட அடிக்கடி வரும். வீட்டில் இவை "நோய் வந்ததுலேர்ந்து இவன் குணமே மாறிடுச்சு" என்று பேசப்படுகின்றன. மருந்தின் வேலையைக் குணத்தின் மேல் ஏற்றும் இந்தப் பேச்சு நோயாளியின் காதில் விழும்போது, தன்னையே அவர் வெறுக்கத் தொடங்குகிறார். ஸ்டீராய்டு சீட்டு கையில் கிடைத்த அன்றே செய்ய வேண்டியவை:

1. டாக்டரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்: நோயாளிக்கோ ரத்த உறவிலோ முன்பு மனச்சோர்வு, மிகையெழுச்சி, தற்கொலை முயற்சி இருந்ததா என்பது, முன்பு ஸ்டீராய்டு எடுத்தபோது எப்படி இருந்தார் என்பது. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருந்தை மாற்ற முடியாவிட்டாலும் கண்காணிப்பை அவர்களால் மாற்ற முடியும்.

2. மாத்திரையைக் காலையில், சாப்பிட்டபின் கொடுக்கலாமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாயங்காலத்துக்குத் தள்ளினால் ராத்தூக்கம் போகும்.

3. முதல் இரண்டு வாரம் தூக்கத்தைக் குறித்து வையுங்கள். மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் படபடவென்று பேசுவது, கணக்கில்லாமல் செலவு செய்வது, யாரோ பேசுவது கேட்கிறது என்பது, "எல்லாரும் என்னைப் பத்திதான் பேசுறாங்க" என்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

4. அளவைக் குறைக்கும் வாரங்களிலும் கவனம் வேண்டும். ஏறியிருந்த உற்சாகம் இறங்கும்போது மனம் தரைக்குக் கீழே போகலாம்.

எச்சரிக்கை: மனநிலை மாறுகிறது என்று பயந்து ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்தவே கூடாது. வாரக்கணக்கில் எடுத்தவருக்கு உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சோர்வு எங்கிருந்து வருகிறது

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் எளிய படிவம் பிஎச்க்யூ-9. தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் குடல் நோயாளியிடம் இந்தப் படிவத்தை அப்படியே நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கம், களைப்பு, பசி ஆகியவையும் அதில் உள்ள கேள்விகள்தான். ராத்திரி மூன்று முறை கழிவறைக்கு எழுந்து ஓடுபவருக்கு, மனம் நன்றாக இருந்தாலும் இந்த மூன்றிலும் மதிப்பெண் ஏறிவிடும். இதைக் காட்டி, "படிவமே தப்பு, எல்லாம் ரத்தம் கம்மியா இருக்கறதாலதான்" என்று வாதிடுபவர்கள் உண்டு. பாதி சரி. இரும்புச்சத்துக் குறைவு இந்நோயில் சர்வசாதாரணம். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு பி12 குறையும். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் அளவு 100 வரை காட்டினாலும் உள்ளே இரும்பு பற்றாமல் இருக்கலாம், ஆகவே "நார்மல்" என்று அச்சிட்ட தாளை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மற்ற பாதிக்கு வருவோம். ரத்தசோகை ஆளைக் களைப்பாக்கும். "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்று சொல்ல வைக்காது. எனவே வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியது உடல் சாராத குறிகளை: முன்பு ஆசையாகப் பார்த்த கிரிக்கெட்டையோ சீரியலையோ திரும்பிக்கூடப் பார்க்காதது, தன்னால்தான் குடும்பம் கடனில் விழுந்தது என்ற குற்றவுணர்வு, அடுத்த வருடத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாதது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் ஒன்றுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்பது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அடுத்த பகுதியில் உள்ளபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கேட்கும் முறை

"கேட்டா அந்த எண்ணத்தை நாமளே கொடுத்த மாதிரி ஆயிடாதா?" இந்த ஒரு பயம்தான் பெரும்பாலான வீடுகளை ஊமையாக்கி வைத்திருக்கிறது. நியாயமான பயம், ஆனால் சோதித்துப் பார்த்துத் தவறென்று கண்ட பயம். நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு பிரிவினரிடம் தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டன, மற்றப் பிரிவினரிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி சற்று ஆறுதலாகவும் இருந்தது. அது பள்ளிப் பிள்ளைகள், இது குடல் நோயாளிகள் என்று சொல்லலாம். ஆனால் அதன் பிறகு பெரியவர்களிடமும் மனநோயாளிகளிடமும் நடந்த ஆய்வுகளும் கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதாகக் காட்டவில்லை. நாம் கேட்பதற்கு முன்பே அந்த எண்ணம் வந்து போயிருந்தால், கேள்வி செய்வதெல்லாம் தனியாக வைத்திருந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் தருவதுதான்.

1. நேரம் பாருங்கள். கழிவறையிலிருந்து வெளியே வந்த உடனேயோ, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலோ, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்திலோ கேட்காதீர்கள். இருவர் மட்டும் இருக்கும், அருகில் கழிவறை உள்ள இடமாக இருக்கட்டும். எழுந்து போக வேண்டியிருந்தால் அவமானமில்லாமல் போய்விட்டு வர முடிய வேண்டும்.

2. உடம்பிலிருந்து தொடங்குங்கள். "ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்ச?" என்பது இந்நோயில் இயல்பான கேள்வி. அதிலிருந்து "இப்படி எந்திரிச்சு உட்கார்ந்திருக்கும்போது என்ன ஓடும் மனசுல?" என்று நகரலாம்.

3. பிறகு சுற்றி வளைக்காதீர்கள். "இவ்வளவு வலியைப் பார்த்துட்டு, செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணிருக்கா?" என்று கேளுங்கள். "அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டால் "இல்ல" என்ற பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள்.

4. "தோணிருக்கு" என்று வந்தால், பதறாமல் மேலும் நான்கைக் கேளுங்கள். எவ்வளவு அடிக்கடி? எப்படி என்று யோசித்ததுண்டா? அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா? "தூங்கினவன் எந்திரிக்காமலே போயிட்டா தேவலை" என்ற அளவில் எப்போதாவது வந்து போகும் எண்ணம் என்றால் சில நாட்களுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். வழி யோசித்தாயிற்று, பொருள் இருக்கிறது, அல்லது முன்பு முயன்றிருக்கிறார் என்றால் அன்றே.

5. சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். "சொன்னது நல்லதாச்சு, இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்பதற்கு மேல் அப்போது ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அதிகம் நடக்கும் தவறுகளில் முதலாவது, சத்தியம் வாங்குவது. "என் தலை மேல அடிச்சுச் சொல்லு, இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு" என்று அழுதபடி கையைப் பிடித்துத் தலையில் வைப்போம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் எண்ணம் வருவது அவர் கையில் இல்லை. மறுபடி வந்தால், சத்தியத்தை மீறியதாக ஆகிவிடுமே என்று மறைப்பார், அடுத்த முறை உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது. சத்தியத்துக்குப் பதில் "வந்தா, எந்நேரமா இருந்தாலும் என்னை எழுப்பு" என்ற ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பது. டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, "புள்ளைங்க முகத்தைப் பார்த்தாவது" என்று குற்றவுணர்வில் எண்ணெய் வார்ப்பது. தான் பாரம் என்று ஏற்கெனவே நம்புபவருக்கு அது இன்னொரு பாரம். நான்காவது சாப்பாட்டு மேசையில் நடப்பது. நோய் கிளம்பும் ஒவ்வொரு முறையும் "அன்னிக்கு அந்தப் பிரியாணியைத் தின்னதாலதான்" என்று விசாரணை வைக்கும் வீட்டில், நோயாளி தன் நோய்க்குத் தானே குற்றவாளியாகிறார். அப்படிப்பட்டவர் மனதைத் திறந்து பேசமாட்டார்.

கைக்கெட்டாத தூரம்

ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னால், "முடிவு பண்ணிட்டவன் இது இல்லேன்னா இன்னொண்ணு" என்பது அடுத்த எதிர்ப்பு. இதற்கு மிகத் தெளிவான பதில் இலங்கையிலிருந்து வருகிறது. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கே இருந்தது, லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அந்த ஆண்டு தொடங்கி மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மொத்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. எல்லோரும் வேறு வழிக்கு மாறியிருந்தால் இந்தக் குறைவு நடந்திருக்காது. இலங்கைக் கணக்கு குடல் நோய் பற்றியது அல்லதான். ஆனால் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும்: தீவிரமான உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரமே நிற்கிறது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமல் இருப்பதே உயிர்க்காப்பு.

1. மாத்திரைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவதை நிறுத்தி, வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு வாங்குங்கள். மெடிக்கலில் சொன்னால் பிரித்துத் தருவார்கள். நாள் பிரித்த டப்பாவில் ஒரு வார அளவு மட்டும் வெளியே இருக்கட்டும், மீதி பூட்டில்.

2. பழைய மருந்துகள், தேதி முடிந்தவை, முந்தைய ஆபரேஷனில் மிஞ்சிய வலி மாத்திரைகள், தாத்தாவின் தூக்க மாத்திரை, இவற்றை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள்.

3. பூச்சிமருந்து, எலிமருந்து வீட்டுக்குள் வேண்டாம். வயலுக்குத் தேவையென்றால் வேறொருவர் வீட்டில், பூட்டி.

4. இதையெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் செய்யாதீர்கள். பொருட்கள் திடீரெனக் காணாமல் போனால் வீடு சிறையாகத் தெரியும். "கொஞ்ச நாளைக்கு இதை நான் வச்சுக்கிறேன், நீ தேறினதும் திருப்பிக் கொடுத்துடறேன்" என்று சொல்லி, இயன்றால் அவர் கையாலேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை: பூட்டி வைத்தவர் ஊருக்குப் போனால் குடல் மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

ஒரு தாள், ஆறு பகுதி

அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லியும் பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் ஒற்றைத் தாளில் அடங்குவது. அங்கே முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில், இந்தத் தாளையும் அதைத் தொடர்ந்த போன் விசாரிப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை தொடர்பான செயல்கள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன. 2018இல் வெளியான முடிவு இது. மனம் தெளிவாக இருக்கும் நாளில், நோயாளியே தன் கையெழுத்தில், தன் வார்த்தையில் எழுத வேண்டும். குடல் நோய்க்கு ஏற்பச் சில மாற்றங்களுடன் வரிசை இது:

1. ஆபத்து வருவதன் அடையாளம். "ராத்திரி ரத்தம் பார்த்தபிறகு லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்திருப்பேன்" என்பதுபோல் குறிப்பாக.
2. தனியாகச் செய்து மனதைத் திருப்பக்கூடியவை. வயிற்றில் வெந்நீர் ஒத்தடம், ஒரு குறிப்பிட்ட பாட்டு வரிசை, மொட்டைமாடி நடை. வலி நாளில் முடியாததை எழுதிப் பயனில்லை.
3. போகக்கூடிய இடம், பார்க்கக்கூடிய ஆள். இடம் எதுவானாலும் கழிவறை இருக்க வேண்டும். கடற்கரை என்று எழுதிவிட்டு அங்கே போக அஞ்சி வீட்டிலேயே இருப்பவர்கள்தான் அதிகம்.
4. வாய்விட்டுச் சொல்லக்கூடிய இருவர், போன் எண்ணோடு. சொந்தத்தில் ஒருவர், வெளியில் ஒருவர் என்றால் நல்லது.
5. டாக்டர், ஆஸ்பத்திரி, உதவி எண்கள்.
6. வீட்டில் அப்புறப்படுத்தியவை, யாரிடம் இருக்கின்றன.

தாளைப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலுக்குள் மட்டும் வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

டாக்டரிடம் சொல்வதும் மாத்திரைத் தயக்கமும்

குடல் மருத்துவரின் அறையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "கொஞ்சம் டல்லா இருக்கார்" என்றால் அது காற்றில் போய்விடும். "இரண்டு வாரமா சாவைப் பத்திப் பேசறார், ஸ்டீராய்டு இத்தனை மில்லிகிராம்ல இருக்கு, மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுங்க" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். "ஏற்கெனவே பத்து மாத்திரை, இன்னும் வேறயா?" என்ற தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. பேச்சுவழிச் சிகிச்சையைப் பொறுத்தவரை, பதற்றத்திலும் சோர்விலும் ஓரளவு குறைவு வரும், குடல் அழற்சியை அது குறைப்பதாக இதுவரை நிலைநாட்டப்படவில்லை. அதிகம் எதிர்பார்த்து ஏமாறவும் வேண்டாம், அற்பமென்று தள்ளவும் வேண்டாம். மாத்திரை எழுதினால், மனநல மருத்துவரிடம் குடல் நோய் இருப்பதையும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். மனச்சோர்வு மருந்துகளில் சில ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கைக் கூட்டும், சில மலச்சிக்கல் தரும், சில வலிநிவாரணிகளோடு சேர்ந்து ரத்தக்கசிவைக் கூட்டும். தெரிந்தால் அவர்கள் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்கள். இருபத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு, தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டி கட்டி எச்சரித்திருக்கிறது. அதற்கு அர்த்தம் மருந்தே வேண்டாம் என்பதில்லை, அந்த வாரங்களில் அடிக்கடி கேட்க வேண்டும் என்பது.

சட்டம் பற்றிய பயமும் ஆட்களை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிடுகிறது. இந்தியாவில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு இடம்பெறவில்லை. ஆஸ்பத்திரியில் எம்எல்சி என்ற மருத்துவ-சட்டப் பதிவு போட்டால் அது ஆவணம்தான், குற்றச்சாட்டு ஆகாது. இலங்கையில் 1998லேயே இது குற்றமல்ல என்று ஆக்கிவிட்டார்கள்.

இன்றே ஆபத்து என்றால்

1. அவரைத் தனியாக விடாதீர்கள். கழிவறைக்குப் போனாலும் கதவைத் தாழிடாமல் இருக்கச் சொல்லி, வெளியே நின்று பேசிக்கொண்டிருங்கள்.
2. ஆபத்தான பொருட்களை வேறொருவர் அப்புறப்படுத்தட்டும். நீங்கள் அருகிலேயே இருங்கள்.
3. ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டார் என்றால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தாலே, அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். வீட்டு வைத்தியம், வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம்.
4. பேச உதவி வேண்டுமானால்: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, சென்னை சினேகா 044-24640050, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. அழைப்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நீங்களே அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.
5. ஆஸ்பத்திரிக்கு ஃபைலை எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு எடுக்கிறார், எத்தனை வாரமாக, எவ்வளவு என்பதை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லுங்கள். மனநல வார்டில் சேர்த்தாலும் குடல் மருந்துகள் தொடர வேண்டும். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் மருந்துச் சீட்டு நழுவிப்போவது உண்டு.

நோயாளியே இதைப் படிக்கிறீர்கள் என்றால்

ராத்திரியில், தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்றால் மேலே உள்ள எண்களில் ஒன்றை இப்போதே அழுத்துங்கள், அல்லது பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்புங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். "எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கலை, கொஞ்சம் கூட இரு" என்பது போதும். அதுவும் வாயில் வராவிட்டால் இந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும் வாரங்களில் இருக்கிறீர்கள் என்றால், இந்த எண்ணத்தில் ஒரு பங்கு மாத்திரையினுடையதாக இருக்கலாம், டாக்டர் அதைக் குறைக்க வழி வைத்திருப்பார். உங்கள் வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் இன்று ராத்திரி எடுக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பியபின்

முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதே கேள்வியை அதே வார்த்தையில் கேளுங்கள். மூன்றாவது முறை அவர் சலித்துக்கொள்வார். சலிப்பு நல்ல அறிகுறிதான், ஆனாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். பதிலைத் தேதி போட்டு ஃபைலில் எழுதுங்கள்: வந்ததா, எத்தனை நாள், தூக்கம் எப்படி, ஸ்டீராய்டு எந்த அளவில். அடுத்த முறை குடல் மருத்துவர் பக்கங்களைப் புரட்டும்போது கால்ப்ரொடெக்டின் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அந்தத் தாள் இருக்கட்டும்.